அப்பா சேர்ந்த கல்லூரி

ஜூன் 6

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா நலம். இடது காது முன்னே மாதிரியேதான், வலது காது அதைவிட மோசம். போனில் நீ அந்தப் பக்கம் கத்துவது எனக்கு ஈ பறக்கிற மாதிரி கேட்கிறது. நான் இந்தப் பக்கம் கத்துவது தெருவுக்கே கேட்கிறது. கடிதம்தான் நமக்குச் சரி. நான் சொல்லச் சொல்ல எழுதுவது வழக்கம்போல சலூன்காரர். ஓர் ஆளுக்கு முகத்தில் நுரை போட்டு ஊற வைத்துவிட்டு எழுதுகிறார், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் காலேஜில் சேரப் போகிறேன்.

சிரிக்காதே. நுரை போட்ட ஆள் சிரித்து, நுரை வாய்க்குள் போய்த் துப்பிக்கொண்டிருக்கிறார்.

ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், புதிதாக ஒரு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது அல்லவா? அங்கே உடம்பு கேட்கிறார்கள். செத்த பிறகுதான், பயப்படாதே. படிக்கிற பிள்ளைகள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கு. சலூனில் ஒருவர் பேப்பரில் இருந்து வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஊருக்குத் தண்ணீர் விட வால்வு திறக்கிற வேலை பார்த்த காலம் முழுக்க, ரோட்டுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எங்கே பிரிகிறது என்பதையெல்லாம் மனசிலேயே வைத்திருந்தேன். எழுதத் தெரியாதவன் வேறு எங்கே வைப்பது? ஆனால் என் சொந்தத் தோலுக்கு அடியில் எது எங்கே போகிறது என்று கேட்டால் முழிப்பேன். இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டின் உள் அறையைப் பார்க்காமலே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதா? என்னால் பார்க்க முடியாது, சரி. யாராவது பார்க்கட்டுமே.

இதில் ஒரு குழப்பம். உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் உண்டாம். அது பெரிய நகரம், பழைய காலேஜ், பேர் வாங்கியது. இது சின்ன ஊர், சுவரில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவன், சேர்வது என்று வந்துவிட்டால் நல்ல இடமாகப் பார்த்துச் சேர வேண்டாமா? நீ விசாரித்து எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு. மை தீர்ந்துவிட்டதால் ஹேர் டை.)

சலூன்காரர் எழுதுவது: அக்கா, நான் எவ்வளவோ சொன்னேன். எழுதறதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன், பேசறதுக்கு இல்லை என்கிறார்.


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்தது என் தப்பு. ஏர்போர்ட்டில் நான் உட்காரும் கவுன்டர் எதுவென்று உங்களுக்குத் தெரியும், பெட்டி தொலைத்தவர்கள் வந்து நிற்கும் கவுன்டர். எதிரில் ஒருவர் நின்றிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே, "பரவாயில்லை மேடம், அதுல பழைய துணிதான் இருந்துச்சு" என்று என்னைத் தேற்றினார்.

எப்படி அப்பா இதை ஏதோ புதுச் செருப்பு வாங்கப் போகிற மாதிரி எழுத முடிகிறது? அம்மாவை அடக்கம் செய்த இடம் என்று ஒன்று இருக்கிறது. மனசு கனத்தால் அங்கே போய் நிற்கிறேன். உங்களுக்கு நான் எங்கே போய் நிற்பது?

கோபத்தோடுதான் விசாரித்தேன். ஆனால் விசாரித்துவிட்டேன், உங்கள் பெண் அல்லவா. இரண்டு விஷயம். ஒன்று, வாரிசு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்தான், போட மாட்டேன். இரண்டாவது, உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம். அப்படியென்றால் கடைசியில் எங்கே இருக்கிறீர்களோ அதற்குப் பக்கத்துக் காலேஜ்தான். இதன் அர்த்தம் புரிகிறதா? எந்தக் காலேஜ் நல்லது என்பது இல்லை கேள்வி. மிச்சக் காலத்தை யாரோடு கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான். அம்மா போனதிலிருந்து நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் அதற்கு மட்டும் காது கேட்காத மாதிரி இருக்கிறீர்கள்.

கிழக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். பெரிய ஜன்னல். வந்து பத்து நாள் இருங்கள். உங்கள் அருமைக் காலேஜையும் காட்டுகிறேன். பிடித்துப் போனால் இங்கேயே இருந்துவிடுங்கள்.

சலூன்கார அண்ணா, இதைக் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வாசியுங்கள், தயவுசெய்து.

அன்புடன்,
மகள்


ஜூலை 20

அன்பு மகள் வாலுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் வழி முழுக்க ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எதற்குச் சரி என்று சொல்லித் தொலைத்தேனோ.

உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஜன்னல், புது மெத்தை, மாப்பிள்ளை கேட்காமலே கொண்டு வந்து வைத்த டீ எல்லாம் மனசில் இருக்கிறது.

உன் ஊர்க் காலேஜில் நாம் நின்ற வரிசையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முன்னாலும் பின்னாலும் பிள்ளைகளைச் சேர்க்க வந்த அப்பா அம்மாக்கள். கவுன்டரில் இருந்த அம்மா தலை நிமிராமல் மைக்கில், "சேரப் போறவங்க எங்க, கூட வரலையா?" என்று கேட்டபோது நீ என்னைத்தான் பார்த்தாய்.

"நான்தாம்மா சேரப் போறேன்."

"எந்த வருஷம்?"

"அது என் கையில இல்லையே."

அப்போதுதான் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தது.

நீ எனக்கு நாற்காலி தேடிப் போன நேரத்தில் பெரிய டாக்டர் ஒருவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். அதை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. கண்ணாடி ஜாடிகளில் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார்கள். இதயத்தைப் பார்த்தேன், இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அதன் உள்ளேயும் வால்வு இருக்கிறதாம், அவரே அந்த வார்த்தையைத்தான் சொன்னார். பிறகு மேசை அளவுக்கு ஒரு திரை. அதில் ஓர் ஆள் படுத்திருக்கிறான். விரலால் தள்ளினால் தோல் போகிறது, இன்னொரு தடவை தள்ளினால் சதை போகிறது. என்னையும் தள்ளச் சொன்னார். நான் தள்ளித் தள்ளி எலும்பு வரைக்கும் போய்விட்டேன், திரும்பி வரத் தெரியவில்லை. பாவம், அவர்தான் அந்த ஆளுக்கு மறுபடி தோலைப் போட்டுவிட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய இடம் பெரிய இடம்தான். "நிறையப் பேர் எழுதி வைக்கிறாங்க ஐயா, இடம்தான் போதல. ஆனா உங்களை வேண்டாம்னு சொல்ல மாட்டோம்" என்றார். நல்ல மனுஷன்.

இங்கே வந்த மறுநாள் நம் ஊர்க் காலேஜுக்கும் போனேன். அங்கே அந்தத் துறைக்கு ஒரு டீச்சரம்மா, உன் வயசுதான் இருக்கும். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. கைக்குட்டையும் கையுமாக, என் காதுக்கு எட்டுகிற மாதிரி உரக்கத்தான் பேசினார். அறையில் இரண்டு மேசையாம், ஒன்று காலி. இன்னொன்றில் ஒருவர். அந்த ஒருவரைச் சுற்றி அத்தனை பிள்ளைகளும். முன்னால் நிற்பவர் பார்க்கிறார், நடுவில் நிற்பவர் எட்டிப் பார்க்கிறார், பின்னால் நிற்பவர் "என்னடா தெரியுது?" என்று கேட்டுக்கொள்கிறார்.

"நான் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமா?" என்றேன்.

"அங்க ஒருத்தர் இருக்கார் ஐயா. அவரைக் கேட்காம வெளியாளை உள்ள விட முடியாது."

"அவரைக் கேட்க முடியாதேம்மா."

"அதனாலதான்."

வாலு, எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது.

என்னை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சர்க்கரை தடவாமல் முதலில் இருந்து கடைசி வரை சொன்னார். நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஐயா, வியாழக்கிழமை காலையில எலும்பு வகுப்பு. வந்து உட்காருங்க, இப்ப என்னை விடுங்க" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் போய்விட்டேன். காது இப்படி இருப்பதால் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மண்டை ஓட்டை என் கையில் கொடுத்தார்கள். ஒரே எலும்பு என்றுதானே நினைத்திருந்தேன்? இல்லையாம், பல துண்டாம், ஓரமெல்லாம் தைத்த மாதிரி கோடு ஓடுகிறது.

எனக்கு இந்தக் காலேஜ் பிடித்திருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு)


ஜூலை 29

அப்பாவுக்கு,

முடிவு செய்துவிட்டு அபிப்பிராயம் கேட்கிறீர்கள்.

ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறை இல்லாத இடத்தை விட்டு யாராவது பத்தாம் நாளே பையைத் தூக்குவார்களா? சளி பிடித்த யாரோ ஒரு டீச்சர் வா என்றால் முதல் பெஞ்சில் போய் உட்காருகிறீர்கள். பெற்ற பெண் வருஷக்கணக்காக வா என்கிறாள்.

கிழக்கு அறையில் இஸ்திரி மேசையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். சும்மா கிடப்பதற்கு அதற்காவது உதவட்டும்.

கையெழுத்துப் போட மாட்டேன். இதைச் சலூனில் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

மகள்

காதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? அதற்குள் எலும்பு உண்டா? உங்கள் மாப்பிள்ளை இல்லை என்கிறார், எனக்கு உண்டு என்று ஞாபகம்.


செப்டம்பர் 9

அன்பு மகள் வாலுவுக்கு,

உன் கடிதத்தைச் சலூன்காரர் உரக்கத்தான் வாசித்தார். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் உன் பக்கம். மூன்றாவது ஆளுக்குக் கழுத்தில் கத்தி இருந்ததால் பேசவில்லை.

காதுக்குள் எலும்பு உண்டு. நீ ஜெயித்தாய், மாப்பிள்ளையிடம் சொல். பதில் இத்தனை தாமதமானதற்குக் காரணமே அதுதான், காது பாடம் வரும் வரைக்கும் காத்திருந்தேன். மூன்று எலும்பு, மூன்றையும் ஒரு விரல் நுனியில் வைத்துவிடலாம், அவ்வளவுதான். ஒன்று சுத்தியல், ஒன்று கொல்லன் பட்டடைக்கல், ஒன்று குதிரையில் ஏறுகிறவன் கால் வைக்கிற வளையம். ஒன்று தட்ட, இன்னொன்று வாங்கி மூன்றாவதிடம் கொடுக்கிறது. எனக்கு அதற்கும் உள்ளே எங்கேயோ கோளாறாம். இன்னொரு விஷயம் கேள். பிறந்த குழந்தையின் காதில் இருப்பதும் பெரிய ஆளின் காதில் இருப்பதும் ஒரே அளவாம். உடம்பெல்லாம் வளர்கிறது, அது மட்டும் வந்த அளவிலேயே நிற்கிறது. நீ பிறந்த அன்றைக்கு, பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னதும் நான் வராந்தாவில் நின்று போட்ட சத்தத்தைக் கேட்ட எலும்புதான் இன்னும் உன் காதில் இருக்கிறது. வகுப்பு என்றும் பார்க்காமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை கர்சீப் கொடுத்தாள்.

நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம், மழை விட்ட மறுநாள், அம்மா தைத்த பச்சைக் கவுனோடு என் பின்னாலேயே வந்துவிட்டாய். நான் வால்வுக் குழியின் மூடியைத் தூக்கியதும் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டு, "உள்ள என்ன இருக்கு? அதுக்கும் உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இறக்கிவிடச் சொல்லி அழுதாய், இறக்கினேன். கவுன் போன கோலத்தைப் பார்த்து உன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். உனக்கு வாலு என்று பேர் வந்தது அன்றைக்குத்தான். அப்போது உனக்கு இருந்த அதே அரிப்புதான் எனக்கு இப்போது. வயசுதான் முன்னே பின்னே ஆகிவிட்டது.

உன் வீட்டில் குறை இல்லை என்றது பொய் இல்லை. அங்கே எனக்கு ஒரு கேள்வியும் இல்லை, அவ்வளவுதான். காலையில் டீ, பிறகு ஜன்னல், பிறகு நீ வேலை முடிந்து வரும் வரைக்கும் அதே ஜன்னல். இங்கே வியாழக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. புதன்கிழமையே தலை வாரிப் பார்த்துக்கொள்கிறேன். உன்னை வேண்டாம் என்று எடுத்த முடிவு இல்லை இது. அப்படி நீ நினைத்தால் எனக்குத் தாங்காது.

கையெழுத்து விஷயத்தில் நீ மாட்டேன் என்றால் மாட்டேன்தான். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். எங்கே போய் நிற்பேன் என்று கேட்டாய். அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் வகுப்புக்கு லீவு. அப்போது வந்து உன்னோடு இருக்கிறேன். இஸ்திரி மேசையை எடுக்க வேண்டாம், ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு)

சலூன்காரர்: முடி வெட்ட வருகிற காலேஜ் பிள்ளைகள் என்னிடம் புகார் சொல்கிறார்கள் அக்கா. இவர் கேள்வி கேட்டே வகுப்பு நேரத்துக்கு முடிவதில்லையாம். ஆனால் ஒரு வாரம் போகவில்லை என்றால் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள்.


பிப்ரவரி 16

பெறுநர்: அப்பா, முதல் பெஞ்சு, உடற்கூறியல் துறை

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யார் பிரிப்பார்கள் என்று தெரியவில்லை. டீச்சராக இருந்தால் வாசித்துவிட்டு அப்படியே மடித்து வைக்கட்டும்.

என்னோடு வேலை பார்ப்பவர்கள் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். "என்னமோ சண்டைக்கு அனுப்பின மாதிரி" என்று நான் கிண்டல் செய்வேன். இந்த வாரம் அவர்கள் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். லீவுக்கு வந்த நீங்கள் ஊர் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது, அன்று காலையில் உங்கள் மாப்பிள்ளை டீ கொண்டு வந்து வைத்தார். நீங்கள் அவரிடம், "ஒருத்தர் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கறவருக்கும் ஏன் மாப்ள வருது?" என்று கேட்டீர்கள். அவர் எதையும் யோசித்துத்தான் பேசுவார் என்பது தெரிந்ததுதானே. யோசித்து முடித்துத் திரும்பியபோது நீங்கள் இல்லை. பதில் சொல்லியிருக்கலாமே, ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று இன்னும் புலம்புகிறார்.

கீழ்வீட்டு டாக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். "இங்க பக்கத்துலயே இருக்கே, கூப்பிடட்டுமா?" என்று உங்கள் மாப்பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த ஊர்க் காலேஜ் என் பஸ் போகிற வழியில்தான். தினமும் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகலாம். நீங்கள் என்னோடு சண்டை போட முடியாத நிலையில் இருந்தீர்கள் அப்பா. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தாலே ஜெயித்திருப்பேன். நானேதான் போனை வாங்கி அந்தக் காலேஜைக் கூப்பிட்டுப் பேசினேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்: "வருத்தமா இருக்கு மேடம். விவரங்களைச் சொல்லுங்க. உங்க நம்பருக்கு ஒரு பதிவு எண் வரும், அதைப் பத்திரமா வெச்சுக்குங்க."

கவுன்டரில் உட்கார்ந்து நான் தினம் சொல்கிற வாக்கியம், வார்த்தை மாறாமல் அப்படியே. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நானும் அதை அன்பாகத்தான் சொல்வேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு உங்கள் டீச்சரைக் கூப்பிட்டேன். நான் யாரென்று சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். அவர், "எங்கங்கறதை நீங்க முடிவு பண்ணுங்க. அங்கேயும் அவரை நல்லபடியா வெச்சுக்குவாங்க. பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். இங்கே கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆம்புலன்ஸ்காரரிடம் ஊர்ப்பக்கம் திருப்பச் சொன்னது நான்தான். உங்கள் மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் உங்கள் பக்கத்தில் இருந்தேன். வழி முழுக்க ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன், நீங்கள் தலையாட்டவில்லை.

நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டோம். வாசலிலேயே டீச்சர் நின்றிருந்தார், பிள்ளைகள் நின்றிருந்தார்கள், சலூன்கார அண்ணா கடையைக்கூடப் பூட்டாமல் வந்து நின்றிருந்தார். பையன்கள் நான்கு பேர் வந்து உங்களை இறக்கினார்கள், தூங்குகிற ஆளை எழுப்பிவிடாமல் தூக்குகிற மாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். போட மாட்டேன் என்றேனே, போட்டேன்.

கிளம்பும்போது டீச்சர் ஒன்று சொன்னார். "இந்த வருஷப் பிள்ளைங்களுக்கு இல்லைங்க. இவங்க அவரோட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவங்க. இவங்களைத் தொடச் சொல்றது நியாயமில்ல. அடுத்த வருஷம் புதுசா வர்றவங்களுக்குத்தான் உங்கப்பா."

திரும்பி வந்ததில் இருந்து அந்தப் புதுசா வருகிறவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. எழுதி முடித்த பிறகு எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண் இரண்டு காலேஜில் இருந்தும் இடம் கிடைத்து, எதில் சேர்வது என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்று பெரிய நகரம், இன்னொன்று அவள் பேரே கேள்விப்படாத சின்ன ஊர். வீட்டில் எல்லோரும் நகரத்துக்குத்தான் போகச் சொல்வார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். அங்கே நீங்கள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அவள் வந்துவிட்டால், எனக்குத் தெரியாத உங்களை எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். எந்த எலும்பு எப்போது உடைந்து எப்படிக் கூடியது, மூச்சு எந்த வழியாகப் போய் எந்த வழியாக வந்தது, அந்த இதயம் கடைசியில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதெல்லாம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது அப்பா.

வகுப்பு தொடங்குகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அந்த வாசலில் நிற்கப் போகிறேன். உள்ளே விட மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாலு